கணக்கில் சேராத பசை

அந்த ஆய்வகத்தில் அளக்கப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பசை.

பிளாஸ்டிக் ஏடுகளின் கனத்தை அளந்தார்கள். அவற்றின் நடுவே வைக்கும் அலுமினியப் படலத்தின் கனத்தையும் அளந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, இலக்கின் கனம் இவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள். ஏட்டையும் படலத்தையும் பிணைக்கும் பசையையும் கூட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒட்டறை அக்கா ஒட்டினால் பசை இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பது, அங்கே வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் செய்தி. ஒட்டிய பிறகு அளப்பதும் எளிதன்று. அளவுகோல் பட்டால் படலம் கசங்கிவிடும். லேசரால் சுட்ட பிறகு அளக்கலாமென்றால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அங்கே நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரல்நகத்தில் பாதிகூட இல்லாத அந்த இலக்கை, காற்று நீக்கிய உருண்டைக் கலத்தின் நடுவே நிறுத்துவார்கள். லேசர் ஒளி அதன் முகத்தில் அடித்தவுடன் மேற்பரப்பு வெடித்துச் சிதறும். அந்த உதையில் ஓர் அதிர்வலை ஏட்டுக்குள் புகுந்து ஓடும். அலை தொட்ட கணத்தில் அலுமினியம் கொதிக்கும். அந்நேரம் அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பிரித்துப் பார்த்தால், குளிர்ந்திருந்தபோது இல்லாத கருங்கோடுகள் நிறமாலையில் தோன்றும். கோடு எப்போது தோன்றியதோ, அப்போதுதான் அலை வந்து சேர்ந்தது என்று பொருள். இலக்கின் கனமும் அலை வந்த நேரமும் தெரிந்தால், அந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு நசுங்கக் கூடியது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

கோடு பார்க்கும் வேலை அக்காவின் தங்கை கணவருடையது. வீட்டில் அவர் மாப்பிள்ளை. ஆய்வகத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவரைத் தங்கைக்குப் பேசி முடித்தவர் அக்காதான். "எங்க அக்கா ஒட்டினதிலேயே பெரிய டார்கெட் இதுதான்" என்று கலியாணத்தன்று லேசர் பிரிவினர் சொல்லிச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவருடைய கணவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒருநாள் காலையில் பெட்டியோடு வெளியேறியிருந்தார்.

அக்காவுக்கு என்று இருந்தது ஒரு நாற்காலிதான். தூசி புகாத அறையில், நுண்ணோக்கியின் முன், முதுகு சாய இடமில்லாத உயரமான நாற்காலி. நீண்ட குச்சியின் நுனியில் ஒரு மயிரிழையைப் பொருத்தி, அதன் முனையைப் பசையில் தொட்டு, ஏட்டின் ஓரத்தில் வைத்து எடுப்பார். துளி தானாகவே ஏட்டுக்கும் படலத்துக்கும் இடையே ஓடிப் பரவும். வைத்து எடுப்பதில்தான் எல்லாம் இருந்தது. கணநேரம் தயங்கினாலும் துளி பெருத்துவிடும். கணவர் போன மறுநாளும் அக்கா வந்து அமர்ந்து ஒட்டினார். அன்றைய இலக்குகளிலும் ஒரு குறை சொல்ல முடியாது. "வீட்ல என்ன வேணா நடக்கட்டும் பாப்பா, இங்க வந்து உட்கார்ந்தாத்தான் நான் மனுஷி" என்று தங்கையிடம் சொல்வதுண்டு. அது மிகையன்று. அந்த அறைக்கு வெளியே அவரை ஒருவரும் எதற்கும் தேடவில்லை.

முதலில் வலக்கையின் கட்டைவிரல்தான் தானாக அசைந்தது. கை மடியில் கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத மணி ஒன்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தன. அக்கா இடக்கையால் அவற்றைப் பிடித்து அழுத்திக்கொண்டார். சில மாதங்களில் நடுக்கம் வேலையின்போதும் வந்தது. அதைவிடக் கொடியது வேறொன்று: எடுக்கவேண்டும் என்று நினைத்த கணத்தில் கை எழ மறுத்தது. மயிரிழை ஏட்டின் ஓரத்தில் தங்கிவிட, துளி பெருத்து உள்ளே ஓடியது.

கருங்கோடுகள் தாமதமாகத் தோன்றத் தொடங்கின.

மாப்பிள்ளை ஒட்டறைக்கு ஓடிவந்தார். அவர் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை.

"அக்கா! அலை லேட்டா வருது. பிளாஸ்டிக் நாம நினைச்சதைவிட அதிகமா நசுங்குது. இதை இதுவரைக்கும் யாருமே பார்க்கல!"

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "டார்கெட்ல ஏதாவது..." என்று தொடங்கினார்.

"டார்கெட்ல என்ன இருக்கு? நீங்க ஒட்டினதுதானே?"

அந்தப் பாராட்டு அவருடைய வாயை அடைத்துவிட்டது. பசையைப் பற்றிச் சொன்னால் கையைக் காட்டவேண்டும். கையைக் காட்டினால் நாற்காலி போகும்.

"ஒண்ணும் இல்ல தம்பி. சந்தோஷம்" என்றார்.

தாமதம் எல்லாச் சுடுதல்களிலும் ஒரே அளவாக இருக்கவில்லை. கை சற்று அடங்கிய நாட்களில் அலை பழையபடி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அவற்றையெல்லாம் "லேசர் சரியாச் சுடல" என்று மாப்பிள்ளை ஒதுக்கினார். லேசர் பிரிவினர் முணுமுணுத்தார்கள். ஆனால், மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு பெரிய மாநாட்டில் பேசப்பட்டு, அவர் பிரிவுத் தலைவராகவும் உயர்ந்த பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. அன்றுமுதல் ஆய்வகத்தில் அக்கா அவரைச் 'சார்' என்றுதான் அழைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தங்கைதான் வந்து சொன்னாள். "மத்தவங்க முன்னாடி தம்பின்னு கூப்பிட்டா அவருக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

பதவி உயர்வுக்காகத் தங்கை வீட்டில் விருந்து நடந்தது. லேசர் பிரிவினரும் வந்திருந்தார்கள். அக்கா வலக்கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு, கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். மாப்பிள்ளை நல்ல மகிழ்ச்சியில் இருந்தார்.

"எங்க அக்கா கைராசி தெரியுமா உங்களுக்கு? எதை ஒட்டினாலும் அது பிரியாது. புருஷன் ஒருத்தர்தான் பசை காயறதுக்குள்ள எழுந்து ஓடிட்டார்!"

கூடம் அதிரச் சிரிப்பு எழுந்தது. தங்கையும் சிரித்தாள், பிறகு அக்காவைப் பார்த்து, "சும்மா விளையாட்டுக்குச் சொல்றாருக்கா" என்றாள். அக்காவும் புன்னகை செய்தார். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவரிடம் அக்கா தனியாகத்தான் போனார். மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். வட்டம் வரையச் சொன்னார். "இதைக் குணமாக்க முடியாதும்மா. அடக்கி வைக்கலாம். போகப்போக மாத்திரை கொஞ்ச நேரத்துக்குத்தான் கேக்கும். அதுவரைக்கும் பயப்படாதீங்க" என்றார்.

மாத்திரை உள்ளே போய் முக்கால்மணி நேரத்தில் கை பழைய கையாயிற்று. நாற்காலியில் அமர்ந்து, மயிரிழையை ஏட்டில் வைத்து, நினைத்த கணத்தில் எடுத்தபோது அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் படலத்தின்மேல் விழாதவாறு தலையைத் திருப்பிக்கொண்டார்.

அலைகள் நேரத்துக்கு வரத் தொடங்கின.

மாப்பிள்ளை லேசர் பிரிவினரைத் திட்டினார். கேமராவைக் கழற்றி மாட்டச் சொன்னார். நிறமாலைமானியின் படிகத்தை மாற்றினார். அலையோ அவர் சொன்ன தாமதத்தை மறந்துவிட்டு, ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒருநாள் மதியம் அவர் ஒட்டறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"பசையை மாத்தினீங்களா?"

"இல்ல சார்."

"இப்ப யாரும் இல்ல. தம்பின்னே சொல்லுங்க. பழைய ஷாட்ல அலை எதையோ கூடுதலாத் தாண்டி வந்திருக்கு. இப்ப அது இல்ல. இடையில இருந்தது என்ன?"

மாப்பிள்ளையின் பார்வை மேசையில் திறந்து கிடந்த கைப்பைக்குள் போயிற்று. மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தார். கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று அக்கா எதிர்பார்த்தார். வந்ததோ ஒரு கணக்குப்பிள்ளையின் அமைதி.

"எவ்வளவு நாளா?"

"நீங்க ஓடிவந்து சொன்னீங்களே, அதுக்கும் முன்னாடியிருந்து."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லல."

"சொன்னா என்னை எழுப்பி விட்டுடுவாங்க தம்பி."

மாப்பிள்ளை மாத்திரை அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அந்த வேளையில் அவர் வெளியே போய், 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று ஆய்வக இயக்குநரிடம் சொல்லியிருந்தால், இருவருக்கும் ஓரளவு மரியாதை மிஞ்சியிருக்கும். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"மாத்திரையை நிறுத்தினா திரும்ப நடுங்குமா?"

"நடுங்கும்."

"அப்ப நிறுத்துங்க."

அக்கா தம் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்.

"நான் ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்க்கா. இப்ப வாபஸ் வாங்கினா நான் குப்பை. உங்க கை நடுங்கற வரைக்கும் இந்த நாற்காலி உங்களுது. யாரும் தொட முடியாது, நான் பார்த்துக்கறேன். நடுக்கம் நின்னுச்சுன்னா நேரா இயக்குநர்கிட்டப் போய் உங்க நோயைச் சொல்லிடுவேன். எது வேணும்?"

நடுங்கும் கையைக் காப்பதாகவும், நடுங்காத கையைக் காட்டிக்கொடுப்பதாகவும் ஓர் ஒப்பந்தத்தை உலகில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அக்கா நாற்காலியைப் பார்த்தார். "சரி தம்பி" என்றார்.

மறுநாள் தங்கை வந்து மாத்திரைகளை வாங்கிக்கொண்டாள். "நீ ஞாபகமறதியாப் போட்டுட்டேன்னா வம்பு. எங்கிட்டயே இருக்கட்டும். லீவு நாளைக்கு நானே கொண்டுவந்து தர்றேன்" என்று சொன்ன அவளுடைய குரலில் கள்ளமில்லை. சிறுவயதில் இருமல் மருந்து கொடுக்கும்போது அக்கா அவளிடம் பேசிய குரல் அதுவேதான்.

வேலை நாட்களில் அக்காவால் பொத்தான் போட முடியவில்லை, தலைவார முடியவில்லை. காலையில் தங்கை வந்து தலையை வாரிவிட்டு, பேருந்து நிறுத்தம்வரை கையைப் பிடித்து அழைத்துப் போவாள். "கொஞ்ச நாள்தான்க்கா. அவர் பேர் நிலைச்சுட்டா அப்புறம் நீ தாராளமா மருந்து சாப்பிடலாம்" என்பாள். வாரிய தலையைத் தடவியும் கொடுப்பாள். அன்புக்கு அங்கே குறைவில்லை.

தாமதம் மீண்டது. ஆனால் நடுக்கம் மாப்பிள்ளையின் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஒருநாள் அவர் எரிச்சலோடு வந்தார்.

"இன்னைக்குப் பசை ரொம்ப ஓவர். அலை வந்து சேரவே இல்ல. இப்படிப் பண்ணினா யார் நம்புவாங்க? கொஞ்சம் குறைச்சு நடுங்குங்க."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே தங்கை சமையலறைக் கத்தியால் ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டினாள். அரை மாத்திரையில் தாமதம் குறைந்துவிட்டது. பாதியைப் பாதியாக்கினாள். கால் மாத்திரையில் அலை மாப்பிள்ளை மாநாட்டில் சொன்ன நேரத்துக்கே வந்தது. "கால்தான் சரி" என்று கணவனும் மனைவியும் முடிவு செய்தார்கள். கத்தி நுனியில் ஒட்டியிருந்த தூளைத் தங்கை தண்ணீரில் கழுவி ஊற்றுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூள் கிடைத்திருந்தால், ஒரு வேளை உணவைச் சிந்தாமல் உண்டிருக்கலாம்.

இந்நிலையில்தான் வேறோர் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு வந்தது. அதன் தலைவி நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் கொண்ட ஓர் அம்மாள். மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு தங்களிடம் மெய்ப்படவில்லை என்றும், இங்கேயே சுட்டுப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். தாங்கள் கொண்டுவந்த இலக்குகளைச் சுட்டார்கள். அலை நேரத்துக்கு வந்தது.

"உங்க டார்கெட்ல கோளாறு" என்றார் மாப்பிள்ளை.

"இருக்கலாம். அப்படின்னா உங்களுடையதைச் சுடுவோம். எங்க கண் முன்னாடியே ஒட்டட்டும்" என்றார் அம்மாள்.

இயக்குநர் இசைந்தார். நாள் குறிக்கப்பட்டது.

அதற்கு முந்திய மாலையில் அக்கா இயக்குநரின் அறைக்கு வெளியே காத்திருந்தார். மறுநாள் எத்தனை இலக்குகள் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. உள்ளே மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"நாளைக்கு இது நிரூபணமாயிட்டா, பூச்சு இயந்திரம் ஒண்ணு வாங்கிடலாம் சார். அலுமினியத்தை நேரா ஏட்டு மேலயே பூசிடும். பசையே வேண்டாம்."

"அப்ப ஒட்டறை?"

"மூடிடலாம். அக்காவுக்கும் வயசாச்சு. ஒரு மாலையைப் போட்டு அனுப்பிடலாம்."

இயக்குநர் சிரித்தார். அக்கா எதையும் கேட்காமலேயே திரும்பி நடந்தார். இத்தனை மாதங்கள் அவர் விற்றுவந்தது தம் கையை. வாங்கியது அந்த நாற்காலியை. இப்போது கையும் போய் நாற்காலியும் போகும் என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு நடுக்கம்.

பேருந்தைவிட்டு இறங்கியதும் மருந்துக்கடையில் ஒரு முழு அட்டை வாங்கினார். கடைக்காரரிடமே அதைப் பிரித்துத் தரச் சொன்னார்.

மறுநாள் காலை தங்கை வழக்கம்போல் வந்து கால் மாத்திரையைக் கொடுத்தாள். அக்கா அவள் முன்னாலேயே அதை விழுங்கினார். அவள் போன பிறகு ஒரு முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

ஒட்டறையில் அன்று இடம் போதவில்லை. அம்மாள் நுண்ணோக்கியின் பக்கத்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். அக்கா மயிரிழையைப் பசையில் தொட்டார், ஏட்டின் ஓரத்தில் வைத்தார், எடுத்தார். திரையில் துளி ஒரு பெருமூச்சைப் போலப் பரவி மறைந்தது.

"அடேயப்பா! இந்த மாதிரிக் கை எங்ககிட்ட இல்ல" என்றார் அம்மாள்.

மாப்பிள்ளையின் கைகள் தளர்ந்து கீழே விழுந்தன. பலர் நடுவே அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "இன்னொண்ணு ஒட்டுங்கக்கா, இது சரியா வரல" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். "இதைவிட எப்படிச் சரியா வரும்?" என்று அம்மாள் கேட்டார். இலக்கைக் கலத்துக்குள் கொண்டுபோனார்கள்.

காற்றை நீக்கி முடிப்பதற்குள் மதியம் கழிந்துவிட்டது. அக்கா கழிப்பறைக்குப் போய் இன்னொரு மாத்திரையை வெறும் வாயில் விழுங்கிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நின்றார். இலக்கு சுடப்படுவதைப் பார்க்க அவர் அதற்குமுன் வந்ததேயில்லை.

மணி ஒலித்தது. சுவருக்கு அப்பால், யாரோ பலகையை அறைந்ததைப் போன்ற ஓசை கேட்டது. அவ்வளவுதான். திரையில் நிறமாலை விரிந்தது. ஒளி நாடாவின் குறுக்கே கருங்கோடு எங்கே தோன்றவேண்டுமோ, அங்கே, ஒரு மயிரிழையும் பிசகாமல் தோன்றியிருந்தது.

"நேரத்துக்கு வந்திருக்கு. எங்களுடையது மாதிரியே" என்றார் அம்மாள்.

மாப்பிள்ளை அக்காவின் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போட்டீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அறையிலிருந்த எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

"என்ன மாத்திரை?" என்றார் இயக்குநர்.

மாப்பிள்ளைக்கு இனித் திரும்பும் வழி இல்லை. "சார், இவங்களுக்குக் கைநடுக்க நோய் இருக்கு. மறைச்சுட்டாங்க. பசை அதிகமாகி அலை லேட்டாச்சு. இன்னைக்கு மாத்திரை போட்டுட்டு வந்து ஒட்டியிருக்காங்க. என்னைக் கவுக்கறதுக்காகவே ஒட்டியிருக்காங்க!"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். அம்மாள் மேசையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து வலக்கை விரல்களின்மேல் வைத்தார். தாள் அசையவில்லை.

"எனக்கு ஒரு நோயும் இல்ல சார். தம்பிக்குத் தூக்கம் போதல போலிருக்கு" என்றார் அக்கா. 'தம்பி' என்ற சொல்லை எல்லார் முன்னிலையிலும் அவர் சற்று அழுத்தியே சொன்னார்.

"பொய்! என் பொண்டாட்டியைக் கேளுங்க. அவதான் தினமும் மாத்திரையைக் கால் காலா வெட்டிக் குடுக்கறா!"

யாரும் அவரைப் பார்க்க விரும்பவில்லை. அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்படின்னா, இந்தம்மாவுக்கு மருந்து குடுக்காம, கையை நடுங்க வச்சு, அதைத் தெரிஞ்சேதான் சுட்டீங்களா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். உண்மை என்றால் கொடியவர். பொய் என்றால் பித்தர். வாயை மூடிக்கொண்டார்.

அப்போது அக்கா நிறுத்தியிருக்கலாம். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே போயிருந்தால், மாப்பிள்ளை ஏதோ குழப்பத்தில் உளறியதாக எண்ணி இரக்கம் காட்டியிருப்பார்கள்; ஒரு பிழை என்று எழுதி முடித்திருப்பார்கள். அக்கா போகவில்லை. அம்மாளைப் பார்த்து, பணிவாகச் சொன்னார்.

"லேசர் சரியாச் சுடலன்னு ஒதுக்கின ஷாட் நிறைய இருக்கும்மா. அதையெல்லாம் எடுத்துப் பாருங்க. அலை நேரத்துக்கு வந்திருக்கும். லேசர்ல ஒரு கோளாறும் இல்லன்னு இவங்களே சொல்வாங்க."

லேசர் பிரிவினர் நிமிர்ந்தார்கள். மாதக்கணக்கில் வாங்கிய திட்டுகள் அவர்களுக்கு மறந்துபோயிருக்கவில்லை. "ஆமாம்மா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விருந்தில் அவருடைய நகைச்சுவைக்கு உரக்கச் சிரித்தவர்களும் அவர்கள்தாம்.

மாப்பிள்ளை அந்த வாரத்தோடு வெளியேற்றப்பட்டார். தம் முடிவுக்கு ஒத்துவராதவற்றை மறைத்தவர் என்பது ஒரு குற்றம். மாட்டிக்கொண்டபோது குடும்பத்துப் பெண் ஒருத்தியின்மேல் நோயைக் கட்டிவிட்டவர் என்பது இன்னொன்று. முதற்குற்றத்தை மன்னிக்கக்கூடியவர்களும் இரண்டாவதை மன்னிக்கவில்லை. இரண்டாவதை அவர் செய்யவேயில்லை. பூச்சு இயந்திரப் பேச்சும் அவரோடு போயிற்று. ஒட்டிய இலக்குகளைத் தொடாமல் ஒளியாலேயே அளக்கும் கருவி ஒன்றை அம்மாள் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். இனி ஒவ்வோர் இலக்கிலும் பசையை அளப்பது என்று முடிவாயிற்று. அதைக் கேட்டு அக்கா தலையை ஆட்டினார். மாத்திரை முன்போல் மாலைவரை கேட்பதில்லை என்பதை அவர் அதற்குள் கண்டுகொண்டிருந்தார். அந்தக் கருவி வந்தால் அதன்முன் தப்ப முடியாது. ஆனால் அது வரும்வரை நாற்காலி அவருடையது.

மாப்பிள்ளை குடியிருந்த வீடு ஆய்வகத்துக்கு உரியது. அவரும் தங்கையும் அதைக் காலி செய்தார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, தங்கை மட்டும் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். மாலை வெயில் சமையலறைச் சன்னலில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்பருகே நின்றார். மதியம் போட்ட மாத்திரையின் வேகம் தீர்ந்திருந்தது.

"நான் உனக்குத் தலை வாரிவிட்டேன்" என்றாள் தங்கை.

"ஆமா பாப்பா."

"அவர் பண்ணினது தப்புதான். நானும் கூடச் சேர்ந்தேன். ஆனா அவர் பொய் சொல்லலையே. நீதான் பொய் சொன்னே. அத்தனை பேர் முன்னாடி. இப்ப எங்க போனாலும் அவரை ஒரு பைத்தியக்காரனாட்டம் பாக்கறாங்க. ஒரு வார்த்தை, 'ஆமா, எனக்கு நடுங்கும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என் நாற்காலி போயிருக்கும்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

தங்கை அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைக் கையில வாங்கிக் குடி. ஒரு சொட்டுச் சிந்தாம குடி. குடிச்சிட்டீன்னா, என் புருஷன்தான் பொய்யன்னு நானும் ஒத்துக்கிட்டுப் போயிடறேன்."

"எனக்குத் தாகம் இல்ல."

"குடி."

"தாகம் இல்ல பாப்பா."

நீட்டிய கையைத் தங்கை இறக்கவில்லை. அக்காவும் அக்குளிலிருந்து கையை எடுக்கவில்லை. தெருவில் வண்டிக்காரர் இருமுறை ஒலியெழுப்பினார். கடைசியில் தங்கையின் கைதான் களைத்து, இலேசாக நடுங்கியது. அவள் கோப்பையை மேசையின்மேல் வைத்தாள்.

"இனி நீயே தலை வாரிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவை அவள் அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

வண்டி புறப்பட்ட ஓசை தேய்ந்து மறையும்வரை அக்கா அப்படியே நின்றார். பிறகு சன்னல் திரையை முழங்கையால் இழுத்து மூடினார். மேசையருகே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கோப்பையின் விளிம்பில் உதட்டைப் பதித்துத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தார். மதியத்திலிருந்தே அவருக்கு நல்ல தாகம்.